விசிலை யார் கையில குடுக்குறது: ஊர்க்காரரா, வெளியூர்க்காரரா?

காரைக்குடியிலேர்ந்து தேவகோட்டை போற ரோட்டுல கொஞ்சம் உள்ள தள்ளி இருக்குற ஊர் எங்களுது. பேர் வேணாம், போட்டா நாளைக்குக் காலையிலயே யாராவது போனப் போட்டு "என்ன தம்பி, நம்மளத்தான் எழுதியிருக்கீக போல"ம்பாக. அம்மன் கோவில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் கபடி நடத்துறோம், 32 டீம், நாக் அவுட், பொழுது சாஞ்சு ஆரம்பிச்சா ஃபைனல் முடிய விடிஞ்சிரும். இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்துல லைட்டு, பரிசுத் தொகை, சாப்பாடு எல்லாம் ஒரு மணி நேரத்துல பேசி முடிச்சுட்டோம், ஆனா ரெஃப்ரி யாருங்குற ஒரே விஷயத்துக்கு மூணு கூட்டம் போட்டும் முடியல, நாலாவதுலதான் ஒரு வழிக்கு வந்தோம். மத்த ஊர்க் கமிட்டிகளுக்கும் இதே தலைவலி இருக்கும்னு தெரியும், அதனால நாங்க எதை எதை எடை போட்டுப் பாத்தோம்னு அப்படியே எழுதிடுறேன், வேண்டியத எடுத்துக்கங்க.

பிரச்சனை எங்க ஆரம்பிச்சதுன்னா, போன வருஷம் செமி ஃபைனல். எங்க ஊர் டீமும் பக்கத்து ஊரும், ஸ்கோர் சமம், கடைசி ரெய்டு. எங்க பையன் போனஸ் லைன்ல ஒரு கால வச்சுட்டு வந்துட்டான், வந்து கையத் தூக்குறான். ரெஃப்ரி எங்க ஊரு பி.டி. சார், ரிட்டையர்டு, நாலு வருஷமா அவருதான் எங்களுக்கு எல்லாம். அவரு போனஸ் குடுத்தாரு. அவ்வளவுதான், அந்த ஊர்க்காரக மொத்தமா கோட்டுக்குள்ள இறங்கிட்டாக, "உங்க ஊரு வாத்தியாரு, உங்க ஊரு கோட்டு, உங்க ஊரு பாயின்ட்டு, நீங்களே ஆடிக்கங்க"ன்னு சட்டையைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு வண்டி ஏறிட்டாக. ஃபைனல்ல நாங்க ஜெயிச்சோம். கப்பு எங்க ஊர் டீக்கடை அலமாரியிலதான் இன்னும் இருக்கு, அந்த ஊர்க்காரக அந்தக் கடையில இப்ப டீ குடிக்கிறதில்ல.

இதுல நான் சொல்லியாகணும், அன்னைக்குக் கோட்டைப் பாக்க லைன்ல நின்னது நான்தான். போனஸா இல்லையான்னு எனக்கே தெரியாது. முன்னங்கால் கோட்டைத் தாண்டுனது சரி, ஆனா போனஸுக்கு அது மட்டும் பத்தாது, அந்த நேரத்துல பின்னங்கால் தரையில இருக்கக் கூடாது, எதிர்ல குறைஞ்சது 6 பேர் நிக்கணும். 6 பேர் நின்னாங்க. பின்னங்கால்? சுண்ணாம்புப் பொடியில போட்ட கோடு, 29 மேட்ச் ஆடி முடிச்ச செம்மண்ணு, கோடு எங்க இருக்குன்னே பாதி தெரியல. பி.டி. சார் பொய் சொல்லலன்னு நான் சத்தியம் பண்ணுவேன். அவரு பாத்ததத்தான் குடுத்தாரு. ஆனா அவரு எங்க ஊர்க்காரரா இல்லாம இருந்திருந்தா அவரு கண்ணுக்கு அதே மாதிரி தெரிஞ்சிருக்குமாங்குறதுதான் கேள்வி, அதுக்கு அவராலயே பதில் சொல்ல முடியாது.

சரி, முதல் வழி, பழைய படியே ஊர்க்காரரையே போடுறது. இத ஒரேயடியா ஒதுக்கிற முடியாதுங்க. கமிட்டியில பெரியவர் ஒருத்தர் சொன்னாரு, சண்டைன்னு வந்தா வெளியூர்க்காரன் விசில் ஊதுவான், நம்ம சார் "டேய் இன்னாரு மகனே"ன்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு, எது வேலை செய்யும்னு. அது உண்மை. ஆடுறதுல பாதிப் பயலுக இவருகிட்டப் படிச்சவனுக, காசு கேக்க மாட்டாரு, விடிய விடிய நிப்பாரு, கடைசி பஸ்ஸு போயிருமேன்னு வாட்ச்சப் பாக்க மாட்டாரு. இன்னொரு விஷயமும் இருக்கு, ஊர் ரெஃப்ரின்னாலே ஊர் டீமுக்குத் தூக்கிக் குடுப்பாருன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, எங்க சாரைப் பொறுத்தவரைக்கும் பல சமயம் தலைகீழ். பேச்சு வந்துரக் கூடாதுன்னே எங்க பயலுகளுக்கு டச்சக் கூடக் குடுக்க மாட்டாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவரோட தங்கச்சி பேரனை லாபி, அதான் கோட்டோட ரெண்டு ஓரத்துலயும் இருக்குற பட்டை, அத மிதிச்சான்னு வெளிய அனுப்புனாரு, அவன் மிதிக்கல, நாங்க எல்லாரும் பாத்தோம், ஒரு மாசம் அந்த வீட்டுல சாருக்குச் சாப்பாடு இல்ல. இதுவும் ஒரு சாய்வுதான. தராசு இந்தப் பக்கம் சாய்ஞ்சா மட்டும்தான் கோணலா?

ஆனா இதுல கிரிக்கெட் கதையப் பாக்காம முடிவெடுக்க முடியாது, ஏன்னா ஊர்க்காரன் அம்பயரா நிக்கலாமாங்குற சண்டைய உலகத்துலயே ரொம்ப நாள் போட்டது அவங்கதான். ரொம்ப காலமா டெஸ்ட் மேட்ச்ல எந்த நாட்டுல நடக்குதோ அந்த நாட்டு அம்பயர்தான் ரெண்டு பேரும். வந்த டீமு தோத்தா அம்பயர் மேல பழி, அம்பயர் ஒழுங்கா குடுத்தாலும் பழி. 1986ல வெஸ்ட் இண்டீஸ் பாகிஸ்தானுக்கு வந்தப்ப இம்ரான் கான் ஒரு வேலை பண்ணாரு, எங்களைத் திட்டுறதே உங்க வேலையாப் போச்சு, இந்தாங்க பொது ஆளுன்னு, நம்ம நாட்டு வி.கே. ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் வரவழைச்சு நிக்க வச்சாங்க. பாகிஸ்தான் மேட்ச்ல இந்தியக்காரன் அம்பயர், யோசிச்சுப் பாருங்க. அடுத்த வருஷமே, 1987 டிசம்பர், ஃபைசலாபாத்ல இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங்கும் பாகிஸ்தான் அம்பயர் ஷகூர் ராணாவும் விரலை நீட்டி நீட்டி நடு கிரவுண்டுல சண்டை போட்டு, மன்னிப்புக் கேட்டாத்தான் வருவேன்னு ஒருத்தர் முறுக்கிக்கிட்டு, ஒரு நாள் ஆட்டமே நடக்கல. அதுக்கப்புறம் 1994லேர்ந்து ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு பொது நாட்டு அம்பயர், 2002லேர்ந்து ரெண்டு பேருமே பொது. நம்ம வெங்கட்ராகவன் சாரெல்லாம் ஊர் ஊரா நாடு நாடா போயி நின்னது இந்த ஏற்பாட்டுலதான்.

இது வேலை செஞ்சதான்னு சும்மா வாய்ல சொல்லாம கணக்கே போட்டிருக்காங்க. இங்கிலாந்துல ஆராய்ச்சிக்காரங்க ஆயிரம் டெஸ்ட் மேட்ச்சோட எல்.பி.டபிள்யூ. முடிவுகள எடுத்து வச்சுப் பாத்தாங்க, 2015 வாக்குல வெளியாச்சு. ரெண்டு அம்பயரும் உள்ளூருன்னா வந்த டீம் பேட்ஸ்மேன்தான் அதிகமா எல்.பி.டபிள்யூ. ஆகியிருக்கான், ஒருத்தர் மட்டும் பொதுன்னா அந்த வித்தியாசம் குறையுது, ரெண்டு பேரும் பொதுன்னா காணாமப் போயிருது. கமிட்டியில நான் இதைச் சொன்னப்ப ஒருத்தன் "எல்.பி.யும் போனஸும் ஒண்ணாண்ணே"ன்னான். ஒண்ணுதான்டா தம்பி. ரெண்டும் கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத விஷயம், சந்தேகம் வர்ற எடம், சந்தேகம் வர்ற எடத்துலதான் மனசு உள்ள பூந்து விளையாடும். ஆளை அப்படியே கட்டிப் பிடிச்சு மடக்கிப் போட்டா அதுல எந்த ஊர் ரெஃப்ரிக்கும் வேலை இல்ல.

எங்க பகுதியில இன்னொரு சிக்கல் தனியா இருக்கு, ஊர்க்காரன்னா ஊர்க்காரன் மட்டும் இல்ல. மாமன், மச்சான், பங்காளி, சம்பந்தி, கொடுத்த வீடு, எடுத்த வீடு, பத்து மைலுக்குள்ள ஒருத்தன விடாம உறவு இருக்கும். நகரத்தார் வீடுகள்ல ஒன்பது கோவில், ஒரே கோவில்காரக எல்லாம் பங்காளி, அதுக்குள்ள பொண்ணு குடுக்க மாட்டாக எடுக்க மாட்டாக, இளையாத்தங்குடின்னா உட்பிரிவு பாப்பாக, மத்தபடி வேற கோவில்லதான் பாக்கணும். கூட்டத்துக்கு வந்திருந்த செட்டியார் அண்ணன் ஒருத்தர், எங்களுக்கு லைட் செட்டுக்கு வருஷா வருஷம் குடுக்குறவரு, சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "பொண்ணு எடுக்கவே பங்காளி வீடு வேணாம்னு வெளிய போறோம், ரெஃப்ரிய மட்டும் ஏன்யா வீட்டுக்குள்ளேயே தேடுறீக"ன்னு. அப்ப எல்லாரும் சிரிச்சோம், ஆனா அன்னைக்கு கூட்டம் அந்தப் பேச்சோடதான் திரும்புச்சு.

ரெண்டாவது வழி, முழுக்க வெளியூரு. மாவட்டக் கபடி அசோசியேஷன்ல சொன்னா பரீட்சை பாஸ் பண்ண ரெஃப்ரிகள அனுப்புவாங்க, முறைப்படி பாத்தா ஒரு ரெஃப்ரி, ரெண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், அவருக்கு ரெண்டு உதவி ஆளு, ஆக ஆறு பேர். நம்ம ஊர்த் திருவிழாவுல எங்க ஆறு பேரு, மூணு பேருக்கே சாப்பாடு, வண்டிச் செலவு, கைக்கு ஒரு தொகை, படுக்க எடம்னு பரிசுத் தொகையில கை வைக்க வேண்டி வரும். அந்தச் செலவு கூடப் பரவாயில்லங்க. என் பயம் வேற. வெளியூர்க்காரன்னா நியாயமாத்தான் குடுப்பான்னு நம்ம ஆளுக கண்ண மூடி நம்புறாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

2014 ஃபுட்பால் உலகக் கோப்பை மொதல் மேட்ச் ஞாபகம் இருக்கா, பிரேசிலும் குரோஷியாவும், சாவோ பாலோவுல. ரெஃப்ரி யுயிச்சி நிஷிமுரா, ஜப்பான்காரரு, பிரேசிலுக்கும் அவருக்கும் மாமன் மச்சான் உறவு ஒண்ணும் கிடையாது. பிரேசில் ஆளு ஃப்ரெட் கீழ விழுந்ததுக்குப் பெனால்ட்டி குடுத்தாரு, இதெல்லாம் ஒரு பெனால்ட்டியான்னு உலகமே பேசுச்சு, பிரேசில் 3-1ன்னு ஜெயிச்சுது. ஆளு எந்த ஊருங்குறது ஒரு பக்கம், நிக்கிறது யாரு ஊருங்குறது இன்னொரு பக்கம்.

இதுக்கும் சோதனை பண்ணிருக்காங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச சோதனை இது. 2002ல இங்கிலாந்துல 40 ரெஃப்ரிகளை உக்கார வச்சு ஒரே மேட்ச்சோட வீடியோவைப் போட்டுக் காமிச்சாங்க, பாதிப் பேருக்குக் கூட்டத்தோட சத்தத்தோட, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாம. ஃபவுலா இல்லையான்னு சொல்லணும், அவ்வளவுதான். சத்தத்தோட பாத்தவங்க சொந்த கிரவுண்டு டீம் மேல 15.5 சதவீதம் கம்மியா ஃபவுல் குடுத்தாங்க. அவங்க கிரவுண்டுல கூட இல்லங்க, ரூமுக்குள்ள டி.வி. முன்னாடி உக்காந்திருக்காங்க, யாரும் அடிக்க வரப் போறதில்ல, அப்படியும் சத்தம் காதுக்குள்ள போயி விரலை மடக்குது. ஸ்பெயின் லீக்ல வேற மாதிரி பாத்தாங்க, 2005ல வந்த ஆராய்ச்சி. சொந்த ஊர் டீமு ஒரு கோல் பின்னாடி இருந்தா ரெஃப்ரி கடைசியில கூட்டிக் குடுக்குற நிமிஷம் நீளுது, ஒரு கோல் முன்னாடி இருந்தா சட்டுன்னு விசில் ஊதி முடிச்சுர்றாங்க. 2020ல கொரோனாவால ஆளே இல்லாத ஸ்டேடியத்துல ஆடுனாங்கல்ல, அப்ப வந்த டீமுக்கு மஞ்சள் கார்டு குறைஞ்சுச்சு.

இதைப் படிச்சதும் எனக்கு மொதல்ல தோணுனது எங்க மைக் செட்டு. சிரிக்காதீங்க. எங்க ஊர்க் கபடியில உண்மையான ரெஃப்ரி மைக் புடிக்கிறவன்தான். "இதோ வர்றான் நம்ம மண்ணின் மைந்தன், தொட்டுட்டான் தொட்டுட்டான், ரெண்டு பாயின்ட்"னு அவன் சொல்லி முடிச்சு மேளம் தட்டி கூட்டம் விசிலடிச்சதுக்கு அப்புறம்தான் ரெஃப்ரி கையத் தூக்குவாரு. அவரு இல்லன்னு சொல்லணும்னா மைக்கையும் மேளத்தையும் ஆயிரம் பேரையும் எதுத்துச் சொல்லணும். கன்னியாகுமரியிலேர்ந்து ஆளக் கூட்டிட்டு வந்தாலும் அந்த நேரத்துல அவரு எங்க ஊர்க்காரராத்தான் ஆயிருவாரு.

அப்புறம், வெளியூர் ஆளுன்னா யாரு கூட்டிட்டு வந்ததுங்குற கேள்வி. பத்து வருஷத்துக்கு முன்னாடி நாங்க ஒரு தடவ வெளியூர் ரெஃப்ரி போட்டோம், கமிட்டிச் செயலாளரோட ஃப்ரெண்டு, அவரு வண்டியிலயே வந்தாரு, அவரு வீட்டுலயே கறிச் சோறு, கவர் ஃபைனல் முடிஞ்சதுக்கு அப்புறம்தான்னு பேச்சு. அவரு எந்தத் தப்பும் பண்ணல, ஆனா எவன் நம்புனான். பனி விளையாட்டுல இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. ஃபிகர் ஸ்கேட்டிங்ல ஜட்ஜுகள அந்தந்த நாட்டுச் சங்கமே தேர்ந்தெடுத்து அனுப்பும், ஸ்கி ஜம்பிங்ல உலகச் சங்கம் தேர்ந்தெடுக்கும். எரிக் சிட்செவிட்ஸ்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் ரெண்டோட மார்க்கையும் ஒப்பிட்டுப் பாத்தாரு, 2006ல வந்துச்சு. ரெண்டுலயும் ஜட்ஜு தன் நாட்டுக்காரனுக்கு மார்க்கு கூடத்தான் போடுறான், அது மனுச குணம். ஆனா ஸ்கி ஜம்பிங்ல கூட இருக்குற மத்த ஜட்ஜுகள் அதை ஈடு கட்டுற மாதிரி கம்மியாப் போட்டுச் சரி பண்ணிர்றாங்க, ஸ்கேட்டிங்ல நீ எனக்குப் போடு நான் உனக்குப் போடுறேன்னு கூட்டணி. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ல அது வெடிச்சு, கடைசியில ரெண்டு ஜோடிக்குத் தங்கம் குடுக்க வேண்டியதாப் போச்சு. ஆக ஆளு எந்த ஊருன்னு கேக்குறதுக்கு முன்னாடி, யாரு அவரக் கூப்பிட்டாங்க, யாரு கையிலேர்ந்து அவருக்குக் காசு போகுது, நாளைக்குக் காலையில யாரு முகத்துல அவரு முழிக்கணும்னு கேக்கணும். இந்த மூணும் ஒரே ஆளா இருந்தா அவரு அமெரிக்காக்காரரா இருந்தாலும் ஊர் ரெஃப்ரிதான்.

வெளியூர் வழியில இன்னொரு ஓட்டை, ரூலு. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டி ஃபைனல், இந்தியாவும் ஈரானும், 28-28, ஒரு நிமிஷம் சொச்சம்தான் பாக்கி, நம்ம பவன் செராவத் ரெய்டு போயி யாரையும் தொடாமலேயே லாபிக்குள்ள கால வச்சுட்டாரு, ஈரான்காரங்க அவரைப் புடிக்கப் பின்னாடியே லாபிக்குப் போயிட்டாங்க. பழைய ரூல் படி ஒரு கணக்கு, புது ரூல் படி வேற கணக்கு. ஒரு தடவ இங்கிட்டுக் குடுத்தாங்க, ஒரு தடவ அங்கிட்டு மாத்துனாங்க, ரெண்டு டீமும் கோட்டுல உக்காந்துருச்சு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆட்டம் நின்னுச்சு, கடைசியில இந்தியா 33-29. அங்க இருந்தவங்க எல்லாம் சர்வதேச ரெஃப்ரிங்க. எந்த ரூல்ல ஆடுறோம்னு மொதல்லயே ஒத்துக்கலன்னா நடுநிலைமை எல்லாம் அப்புறம்தான். எங்க பக்கம் பாதி டீம் பழைய லாபி கணக்குலயே பழகிருக்கானுக, வெளியூர் ரெஃப்ரி புது ரூல்ல குடுத்தா "ஏமாத்திட்டான்"னுதான் கத்துவானுக.

மூணாவது வழி நான் கொண்டு போனது, அதனால கொஞ்சம் கூடப் பேசுவேன், பொறுத்துக்கங்க. ஊர் ரெஃப்ரியே இருக்கட்டும், ஆனா ஊர் டீம் ஆடுறப்ப மட்டும் ஒதுங்கிக்கணும். இங்கிலாந்து பிரீமியர் லீக்ல இதுதான் பழக்கம், ரெஃப்ரி எல்லாம் நான் இந்த டீம் ரசிகன்னு மொதல்லயே எழுதிக் குடுத்துரணும், அந்த டீம் மேட்ச் அவங்களுக்குப் போட மாட்டாங்க. இருந்தும் 2016ல லிவர்பூல் மான்செஸ்டர் யுனைட்டட் மேட்ச்சுக்கு மான்செஸ்டர் பக்கத்து ஆளு அந்தோணி டெய்லரைப் போட்டதுக்கு ஒரு வாரம் பேசுனாங்க, அவரு ரசிகரா இருக்குறது ஆல்ட்ரிங்க்ஹாம்னு ஒரு சின்ன டீமுக்கு, ஆனா வீடு அந்தப் பக்கம். மேட்ச் 0-0ன்னு முடிஞ்சுச்சு, அவருக்கு நல்ல காலம்.

இப்பக் கணக்குப் போடுவோம். 32 டீம் நாக் அவுட்டுன்னா 31 மேட்ச். எங்க ஊர்லேர்ந்து ரெண்டு டீம், ஏ, பி, சீட்டுல ஆளுக்கு ஒரு பக்கம். ரெண்டும் ஃபைனல் வரைக்கும் போனாக் கூட ஆளுக்கு அஞ்சு மேட்ச், ஃபைனல் ரெண்டு பேருக்கும் பொது, ஆக ஒன்பது. மீதி 22 மேட்ச் பி.டி. சார் தாராளமா பாக்கலாம். ரொம்ப நல்லா இருக்குல்ல? நானும் அப்படித்தான் குதிச்சேன். அப்ப கமிட்டியிலயே வயசுல சின்னவன், காலேஜ் படிக்கிற பையன், கேட்டான், "அண்ணே, நம்ம ஏ டீமோட அடுத்து மோதப் போறது யாருன்னு முடிவு பண்ற மேட்ச்ச சார் பாத்தா?" எனக்கு வாயடைச்சுப் போச்சு. பலமான டீமை அந்த மேட்ச்சுலயே கழட்டி விட்டா நம்ம டீமுக்கு ரோடு க்ளியர். ஒதுங்குறதுன்னா சொந்த டீம் மேட்ச்சுல மட்டும் ஒதுங்குனா பத்தாது.

அதனால மறுபடி எண்ணுனோம். மொத ரவுண்டுல எங்க டீம் மேட்ச் ரெண்டு, எங்களோட அடுத்த எதிராளிய முடிவு பண்றது ரெண்டு, ஆக நாலு. ரெண்டாவது ரவுண்டுல அதே மாதிரி நாலு. குவாட்டர்லேர்ந்து எல்லாமே ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடும், அதனால அந்த ஏழு மேட்ச்சும் சார் தொடவே வேணாம். மொத்தம் 15 வெளியூர் ஆளுக்கு, 16 சாருக்கு. கிட்டத்தட்ட சரி பாதி. இதுல எதிர்பாராத லாபம் ஒண்ணு, ஒரு மேட்ச்சு ஏறி இறங்கி 25 நிமிஷம்னு வச்சா 31 மேட்ச்சு 13 மணி நேரம், போன வருஷம் வரைக்கும் 60 வயசு தாண்டுன மனுசன் ஒத்தையா நின்னு அத்தனையும் ஊதுனாரு. அந்த செமி ஃபைனல் போனஸ் குடுத்தப்ப மணி காலைல ஆறு. ஊர்ப் பாசத்த விடுங்க, தூக்கக் கலக்கத்துல பின்னங்கால் தெரியுமா?

நாலாவது வழின்னு சிலர் சொன்னது கலவை, ஒரு அம்பயர் உள்ளூரு, ஒருத்தர் வெளியூரு, ரெண்டு பேரும் ஒரே மேட்ச்சுல. கேக்க நல்லாத்தான் இருக்கு. கிரிக்கெட்ல 1994லேர்ந்து 2002 வரைக்கும் இப்படித்தான் ஓடுச்சு, அந்த எல்.பி. கணக்குலயும் சாய்வு குறைஞ்சுச்சுன்னுதான் வருது, போகல. கபடியில இன்னொரு கஷ்டம், ரெண்டு அம்பயரும் வேற வேற சொன்னா ரெஃப்ரி முடிவு பண்ணணும், அப்ப அவரு எந்த ஊருன்னு திரும்பவும் அதே கேள்விதான.

செல்போன் வீடியோ வச்சுப் பாத்துக்கலாம்னு பயலுக சொன்னானுக. ப்ரோ கபடியில டி.வி. அம்பயர் இருக்காரே, நமக்கு ஏன் கூடாதுன்னு. டேய், அங்க எத்தனை கேமரா, நமக்கு எத்தனை. இங்க ஒவ்வொரு ஊர்க்காரனும் அவனவன் பக்கத்துலேர்ந்து எடுத்த வீடியோவத் தூக்கிக்கிட்டு வருவான், புழுதியில ஒண்ணும் தெரியாது, அவனுக்கு மட்டும் தெரியும். 2021 பிப்ரவரியில சேப்பாக்கம் டெஸ்ட்ல, கொரோனாவால உள்ளூர் அம்பயர்களையே விட்ட சமயம் அது, அதுக்காகவே ரிவ்யூவ ஒரு இன்னிங்ஸுக்கு ரெண்டுலேர்ந்து மூணாக்கிக் குடுத்தாங்க. அப்படியும் ரஹானே கிளவுஸ்ல பட்டத மூணாவது அம்பயர் ஸ்கிரீன்ல பாத்தும் விட்டுட்டாரு, அப்புறம் இங்கிலாந்துக்கு அந்த ரிவ்யூவத் திருப்பிக் குடுத்தாங்க. அத்தனை கேமராவுக்கே அந்தக் கதின்னா நம்ம ஸ்டாண்டுல கட்டுன செல்போனு எம்மாத்திரம். இத அஞ்சு நிமிஷத்துல தள்ளிட்டோம்.

கடைசியில முடிவானது மூணாவது வழிதான், கொஞ்சம் ஒட்டுப் போட்டு. வெளியூர் ஆள் ரெண்டு பேர் வருவாங்க, இன்னாரை அனுப்புங்கன்னு நாங்க கேக்க மாட்டோம், ரெண்டு பேர் வேணும்னு மட்டும் அசோசியேஷன்ல சொல்லிட்டோம், யாருன்னு அவங்க முடிவு. அவங்க காசு கமிட்டியிலேர்ந்து இல்ல, 32 டீமோட நுழைவுக் கட்டணத்துலேர்ந்து எடுத்து மொத மேட்ச் விசிலுக்கு முன்னாடி எல்லா கேப்டன் முன்னாடியும் கையில குடுத்துருவோம், அப்ப அவரு எங்களுக்கு மட்டும் கடன்பட்டவரு இல்லல்ல. சாப்பாடு யாரு வீட்டுலயும் இல்ல, கோவில் அன்னதானக் கொட்டகையிலதான், எல்லாரோடவும். லாபி, போனஸ், டூ ஆர் டை (பாயின்ட் எடுத்தே ஆகணுங்குற ரெய்டு) எந்தக் கணக்குன்னு ஒரு தாள்ல அடிச்சு கேப்டன்ககிட்டக் கையெழுத்து வாங்கிருவோம். கோட்டுக்குச் சுண்ணாம்பு வேணாம், நைலான் நாடா, ஆணி அடிச்சு. இந்த நாடாவுக்கு ஆன செலவப் பாத்தா, போன வருஷமே இத அடிச்சிருந்தா இந்த நாலு கூட்டமுமே தேவப்பட்டிருக்காதோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, கமிட்டியில சொல்லல.

மைக்குக்குத்தான் பெரிய சண்டை. ரெய்டு போறவன் கோட்டைத் தாண்டுனதுலேர்ந்து ரெஃப்ரி கை தூக்குற வரைக்கும் மைக்கு பேசக் கூடாது, மேளம் தட்டக் கூடாதுன்னு நான் சொன்னதுக்கு, "அப்ப அது கபடியா பரீட்சை ஹாலா"ன்னு மைக் பையன் கோச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். முழு மேட்ச்சுக்கு இல்லப்பா, ரெய்டு 30 செகண்டு, அதுக்கு மட்டும்னு கெஞ்சி, ரெய்டு முடிஞ்சதும் நீ எவ்வளவு வேணா கத்துன்னு பேசிக் கூட்டிட்டு வந்தோம். கடைப்பிடிப்பானான்னு தெரியல. செமி ஃபைனல்ல பிளக்கைப் புடுங்க ஒரு ஆளு போட்டு வச்சிருக்கோம்.

பக்கத்து ஊருக்கு நேர்ல போயி நோட்டீஸ் குடுத்தோம். வர்றோம்னும் சொல்லல வரலன்னும் சொல்லல, "ரெஃப்ரி யாரு"ன்னு மட்டும் கேட்டாக. சொன்னோம். "குவாட்டர்லேர்ந்தா?"ன்னாரு அவங்க கேப்டன், ஆமான்னேன், சீட்டு போடுறப்ப அவங்க ஆள் ஒருத்தர் இருக்கணும்னாரு, அது நியாயம்தான், வரச் சொல்லிருக்கோம்.

பி.டி. சார்கிட்ட யாரு போயிச் சொல்றதுன்னு கமிட்டியில எல்லாரும் தரையப் பாத்தாங்க, நான்தான் போனேன். போற வழியெல்லாம் என்ன சொல்றது, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு மனசுக்குள்ள ஒத்திகை. திண்ணையில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. நம்ம ஊர் டீம் மேட்ச் ஒண்ணும் உங்களுக்கு இல்ல சார், குவாட்டர்லேர்ந்து அவங்க பாத்துக்குவாங்கன்னு சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நாலு வருஷமா நம்ம பயலுக ஆடுறதை நான் பாத்ததே இல்லடா, கால எங்க வச்சான், கை எங்க பட்டுச்சுன்னுதான் பாத்துருக்கேன். இந்தத் தடவ உக்காந்து பாக்குறேன். கோட்டுக்குப் பக்கத்துல ஒரு சேர் போடு"ன்னாரு.

சேர் போடுறேன் சார், ஆனா கோட்டுக்குப் பக்கத்துல வேணாம், வர்ற ரெஃப்ரி சந்தேகம் வந்தா உங்க முகத்தைத்தான் பாப்பாருன்னேன். மேடைக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கம் ஒரு எடம் இருக்கு, கொஞ்சம் சத்தம்தான், ஆனா கோட்டு முழுசாத் தெரியும். அங்க போட்டுருக்கோம்.